ஒரு விரற்கடை நிறம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் பால்துரை அண்ணாச்சி, எத்தனையோ வில்லங்கமான ஆட்களைச் சமாளித்தவர். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடப் பையோடு கடைவாசலில் வந்து நின்ற ஏழு வயதுப் பெண்பிள்ளையை மட்டும் அவரால் சமாளிக்க முடியவில்லை.

"இங்க தவுடு குடுத்தா பிள்ளை குடுப்பீங்களா?"

அண்ணாச்சி சிரித்தார். "குடுக்கலாமே. ஒனக்குத் தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?"

"எனக்கு வேண்டாம். என்னைய இங்கதான் வாங்குனாங்களான்னு கேக்க வந்தேன். எங்க அம்மா யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பிள்ளையின் முகத்தில் விளையாட்டு இல்லை. அண்ணாச்சி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, அவள் கழுத்தில் தொங்கிய பள்ளி அட்டையைப் பார்த்துப் போன் போட்டார்.

பிள்ளையின் அப்பா இசக்கிராஜா போட்டிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். பல் டாக்டர்கள் அனுப்பும் அளவுக்குப் பீங்கான் பல் செய்து கொடுப்பது அவன் வேலை. பக்கத்துப் பல்லின் நிறத்தோடு புதுப் பல் பொருந்த வேண்டும். ஒரு சாயல் பிசகினாலும் சிரிக்கும்போது ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். அவன் செய்த பல் காட்டிக் கொடுத்ததில்லை என்று அந்த வட்டாரத்தில் பெயர்.

மகள் கோமு என்கிற கோமதி தவிட்டு மூட்டைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பயத்திலும் கோபத்திலும் அடிக்கத்தான் கையை ஓங்கினான்.

"என்னையத் திருப்பிக் குடுக்கவா வந்தீங்க?" என்றாள் கோமு.

ஓங்கிய கை அவளைத் தூக்கிக்கொண்டது.

தவிட்டுக்கு வாங்காத பிள்ளை தமிழ்நாட்டில் எந்த வீட்டில் இருக்கிறது? எல்லா வீட்டிலும் ஓர் அத்தையோ மாமாவோ உண்டு. "ஒன்னையத் தவுட்டுக்குல்லா வாங்குனோம்" என்று பிள்ளையை அழவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு யாராவது வாரி எடுத்து, "பொய்யிடா, ஒன் மூக்கப் பாரு, அப்படியே ஒங்கம்மா மூக்கு" என்று கண்ணைத் துடைத்துவிடுவார்கள். அத்தோடு அந்த விளையாட்டு முடிந்துவிடும்.

கோமு வீட்டில் அது முடியவில்லை. இசக்கிராஜாவின் அக்கா ஆவுடைதான் அந்த வீட்டு அத்தை. தம்பி பெண்டாட்டி செண்பகவல்லி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது கோமுவுக்கு இரண்டு வயது. அன்றிலிருந்து பிள்ளையை வளர்ப்பவள் ஆவுடைதான். உயிரையும் விடுவாள் அந்தப் பிள்ளைக்காக. அந்த உரிமையில்தான் தவிட்டுக் கதையையும் சொன்னாள். கோமு அழவில்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த அம்மா படத்தின் கீழே போய் நின்றாள். படத்தில் செண்பகம் உரித்த கிழங்கு மாதிரி வெளுத்திருந்தாள். கோமு தன் கையைப் பார்த்தாள். கோமு நல்ல கறுப்பு. அப்பாவோ கோதுமை நிறம். வீட்டில் அந்த நிறத்துக்கு வேறு சொந்தக்காரர் யாரும் இல்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் அத்தை சொன்னது உண்மை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் யோசித்து, தவிடு விற்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் போயிருக்கிறாள்.

"அம்மா ஒன்னைய மாதிரிதாம்மா இருப்பா, நல்ல கறுப்பு," என்றான் இசக்கிராஜா, வீட்டுக்கு வந்ததும்.

"பொய் சொல்லாதீங்கப்பா. அம்மா போட்டோ எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒண்ணுலகூட கறுப்பா இல்ல."

அவனும் எல்லாவற்றையும் பார்த்தான். கல்யாணப் படம், வளைகாப்புப் படம், குற்றாலத்தில் எடுத்தது, ஆஸ்பத்திரியில் கோமுவை மடியில் வைத்துக்கொண்டு எடுத்தது. எல்லாப் படத்திலும் செண்பகம் ஒரே வெளுப்பு. மடியில் இருந்த பச்சைப்பிள்ளை கோமுவும் வெளுப்பு. முகத்தைத் தானாகவே வெளுக்கும் 'துலக்கம்' வந்த பிறகு எடுத்த படங்கள் அல்லவா எல்லாம். போனில், கேமராவில், பள்ளிக்கூட வாசல் கேமராவில்கூட அதுதான் இருக்கிறது. கண்ணாடி ஒன்றுதான் பாக்கி.

சொந்தக்காரர்களிடம் கேட்டான். "மாநிறம்" என்றாள் ஆவுடை. மாநிறம் என்பது நம் ஊரில் நிறம் அல்ல, ஒரு மரியாதை. பக்கத்து வீட்டுக்காரி "கொஞ்சம் கறுப்புதான், ஆனா களையான மொகம்" என்று சொல்லி, அந்த 'ஆனா'வுக்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள். செண்பகத்தைப் பெற்ற அம்மாவோ, "என் பிள்ளை செக்கச்செவேல்னுல்லா இருப்பா, படத்தப் பாருங்க" என்றாள். பெற்றவளே படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கோமு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அத்தை தலைவார வந்தால், "நீங்க எனக்கு அத்தை இல்லல்லா" என்று விலகினாள். ஆவுடை அடுப்படியில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கடைசியில் அவனுக்கு ஜெசிந்தா அக்கா ஞாபகம் வந்தது. அவன் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, நிறம் பார்த்துக் கொடுத்தவள் அவள்தான்.

முருகன்குறிச்சியில் ஒரு மாடியில் இருந்தது அவள் அறை. சுவர், திரைச்சீலை, நாற்காலி எல்லாம் சாம்பல் நிறம். அக்காவும் சாம்பல் நிறத்தில்தான் சேலை கட்டியிருந்தாள்.

"கலர் பாக்குற எடத்துல கலர் இருக்கக் கூடாது தம்பி, கண்ணு ஏமாந்துரும்," என்றாள். பிறகு அவன் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"எடுத்த ஒரிஜினல் இருக்குமேக்கா? துலக்கம் வைக்கதுக்கு முந்தினது?"

"அப்பிடி ஒண்ணு கெடையாது. முன்னால நாங்க கையால மாத்துவோம். பொண்ணு வீட்டுக்காரங்க முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'இன்னும் ஒரு சுத்து ஏத்துங்க, இன்னும் ஒரு சுத்து'ம்பாங்க. அப்பம் ஒரிஜினல் இருந்துச்சு. பெறவு எடிட்டிங் சாப்ட்வேர்ல துலக்கம்னு ஒரு பொத்தான் வந்துச்சு. நாங்க எல்லாரும் பண்ணுன கல்யாண வீடியோவப் பாத்துத்தான் அது படிச்சுது. ஆளு மொகத்தப் பாக்கும், நாங்க எங்க கொண்டுபோய் நிறுத்துவோமோ அங்க கொண்டுபோய் நிறுத்தும். அதுக்கப்புறம் அது கேமராவுக்குள்ளயே போயிட்டு. வெளிச்சம் உள்ள நுழையும்போதே மாத்திரும்."

"அத அணைக்க வழியில்லியா?"

"இருந்துச்சு. யாரும் அணைக்கல. யாரும் தொடாத பொத்தான் எதுக்குன்னு எடுத்துட்டாங்க."

"சரி, எவ்வளவு ஏத்திச்சோ அவ்வளவு எறக்கிருங்க."

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். "எவ்வளவு ஏத்திச்சுன்னு எப்பிடித் தெரியும்? கறுப்பா இருந்தவளையும் சிவப்பா இருந்தவளையும் அது ஒரே எடத்துல கொண்டாந்து விட்டுட்டு. கடல்ல சேர்ந்த பெறவு எது தாமிரபரணித் தண்ணி, எது வைப்பாத்துத் தண்ணின்னு பிரிக்க முடியுமா?"

இசக்கிராஜா தலையைக் குனிந்துகொண்டான். அக்காவுக்கே மனசு கேட்கவில்லை.

"ஒரு வழி இருக்கு. நீங்க கூட வாழ்ந்த மனுசன். தொழிலும் நெறம் பாக்கது. நான் ஒண்ணொண்ணா வைக்கேன். இதுதான் செண்பகம்னு நீங்க சொல்லுங்க, அத வச்சு செஞ்சு தாரேன்."

செண்பகத்தின் ஒரே முகத்தை அட்டைக் கறுப்பிலிருந்து வெள்ளை வெளேர் வரைக்கும் வரிசையாகத் திரையில் நிறுத்தினாள். இசக்கிராஜா லேபில் செய்வதுபோல முதலில் சாம்பல் சுவரைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டான். பிறகு திரையைப் பார்த்தான். கறுப்பாக இருந்த முகங்கள் யாரோ மாதிரி இருந்தன. அவன் கண் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. ஆமாம், இவள்தான். இதோ இப்போது 'என்னங்க' என்று கூப்பிடுவாள்.

"இது," என்றான். "சத்தியமா இதுதான்."

ஜெசிந்தா கல்யாண வீடியோவிலிருந்து ஒரு முகத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம் இல்லை. கூடத்துச் சுவரில் மாலைக்குள் இருந்த அதே நிறம்.

இசக்கிராஜாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாலு வருசம் கூட இருந்தேன்க்கா. அவ பல்லு நெறம் இப்பமும் கேட்டா சொல்லுவேன், எங்க நெற அட்டையில ஏ மூணு. கீழ்ப்பல்லு ஒண்ணு லேசா திரும்பி இருக்கும். மொகம் போயிட்டேக்கா. நாலு வருசம் மொகத்தப் பாத்தேன், அஞ்சு வருசம் படத்தப் பாத்துட்டேன். படம் ஜெயிச்சுட்டு."

ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்காததுபோல ஜெசிந்தா திரும்பிக்கொண்டாள். செண்பகம் இரண்டாவது முறை செத்தது அந்தச் சாம்பல் அறையில்தான். முதல் முறை ஊரே கூடி அழுதது. இந்த முறை அவன் மட்டும்தான்.

கல்யாணம் முடிந்து வீடியோ வந்த அன்று நடந்தது ஒன்று அப்போது அவனுக்கு ஞாபகம் வந்தது. செண்பகம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தன்னையே வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்குல்லா?" என்று கேட்டாள். அவன் "ஆமா, சூப்பரா இருக்கு" என்றான். அவள் எழுந்து போய் உலையில் அரிசி போட்டாள். அன்றைக்கு அவள் எதைக் கேட்டாள், தான் எதற்கு ஆமாம் போட்டோம் என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யாரிடம் போய்த் திருத்திச் சொல்வது?

ஜெசிந்தா கல்யாண வீடியோவை ஓட்டிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்று, தாலி. திடீரென்று நிறுத்தினாள்.

"தம்பி, அழுதது போதும். இங்க வாங்க."

அம்மி மிதிக்கும் இடம். கேமராக்காரன் கீழே குனிந்து, பாதத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்திருந்தான். அம்மிக்கல்மேல் பெண்ணின் வலது கால். மாப்பிள்ளையின் கை கணுக்காலைப் பிடித்திருந்தது, இன்னொரு கை மெட்டி போட்டுக்கொண்டிருந்தது. மேலே யார் முகமும் இல்லை.

"துலக்கம் மொதல்ல மொகத்தத் தேடும். மொகம் கெடைச்சாத்தான் அந்த மொகத்துக்குச் சொந்தமான கை, கழுத்து எல்லாத்தையும் பிடிச்சு மாத்தும். மொகம் இல்லேன்னா அதுக்கு ஆளே இல்ல. சும்மா விட்டுரும்."

"கால் பூரா மஞ்சளால்லா இருக்கு."

"மேல பாருங்க. கொலுசுக்கு மேல, சேலைக்குக் கீழ."

காலைத் தூக்கி அம்மிமேல் வைத்ததில் சேலை கொஞ்சம் ஏறியிருந்தது. கொலுசுக்கும் சேலைக் கரைக்கும் நடுவில் மஞ்சள் படாத ஒரு விரற்கடை அகலம். கறுப்பு. நல்ல கறுப்பு.

"மண்டபத்து விளக்கு வெளிச்சம் இதுல கலந்து கெடக்கு. அத எடுக்கணும்னா, இந்தப் படத்துல இருக்க சாமான் ஒண்ணு இன்னிக்கும் நம்ம கையில இருக்கணும், ஒத்துப் பாக்க." ஜெசிந்தா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்க கையை நீட்டுங்க."

அவன் கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினான். "நெழல்ல வேலை பாக்குற கை, பெருசா மாறியிருக்காது," என்றபடி அவள் மேசைமேல் இருந்த, நிறம் மாற்றும் உருண்டையைத் திருகினாள். திரையில் கணுக்காலைப் பிடித்திருந்த கை மெல்ல மெல்ல மாறி, அவன் நீட்டிய கையின் நிறத்துக்கு வந்து நின்றது. கூடவே அந்த ஒரு விரற்கடையும் தன் நிறத்துக்கு வந்தது.

அந்தக் கால் அவன் கையில் கனத்தது. கூச்சத்தில் அன்றைக்கு அவள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டது, மெட்டி ஏறாமல் அவன் திணறியது, அய்யர் சிரித்தது எல்லாம் வந்தது. முகம் மட்டும் வரவில்லை. ஆனாலும் இது அவள்தான். இதை யாரும் தொடவில்லை.

"இந்த நெறத்த மொகத்துக்கு வச்சுக் குடுங்கக்கா. வீட்டுல மாட்டணும்."

"வைக்கலாம். இந்தத் திரை பழசு, இதுக்குத் துலக்கம் தெரியாது. நீங்க போன்ல தொறந்தீங்கன்னா மொகத்தக் கண்டதும் திரும்ப வெளுத்துரும். பிரிண்டு போடுற மெஷினும் அப்பிடித்தான். பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. இங்க வச்சே பாக்கட்டும்."

சனிக்கிழமை காலையில் கோமு வந்தாள். அத்தை வாரிவிட வந்ததை மறுத்துத் தானே போட்டுக்கொண்ட பின்னல் ஒரு பக்கம் கோணலாக இருந்தது. சாம்பல் அறையை உற்றுப் பார்த்தாள். திரையில் இருந்த பாதத்தையும் பார்த்தாள்.

"இது யாரு காலு?"

"அம்மா காலு. பிடிச்சிருக்கது அப்பா கை. பாரு, இந்தத் தழும்பு," என்று அவன் தன் கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினான். திரையில் இருந்த கையிலும் அது இருந்தது. கோமு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாள். லேசில் நம்புகிற பிள்ளை இல்லை அவள்.

பிறகு தானாகவே நாற்காலியில் ஏறி, தன் முன்கையைத் திரையோடு ஒட்டி வைத்தாள். கொலுசுக்கு மேலே இருந்த அந்த ஒரு விரற்கடையும் அவள் கையும் சேர்ந்தன. எது கை, எது கால் என்று பிரிக்கிற கோடு தெரியவில்லை.

"அப்பம் தவுட்டுக்கு வாங்கலியா?"

"இல்லம்மா. அத்தை சும்மா சொன்னா. ஒங்கம்மா பெத்த பிள்ளை நீ."

கோமுவின் உதடு பிதுங்கியது. அத்தனை நாளும் அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது. கையைத் திரையிலிருந்து எடுக்காமலேயே அழுதது. இசக்கிராஜா முதுகைத் தடவிவிட்டான். அழுது முடித்து, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, ஜெசிந்தாவிடம் திரும்பினாள்.

"அம்மா மொகத்த யாரு மாத்துனா?"

ஜெசிந்தா பொய் சொல்லவில்லை. "நாங்கதான்மா. எங்களப் பாத்து மெஷினு."

"எதுக்கு?"

"நல்லா இருக்கும்னு."

"முன்னால நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருந்தா."

"பெறவு எதுக்கு?"

எத்தனையோ பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பதில் சொன்ன ஜெசிந்தா அக்கா சுவரைப் பார்த்தாள். சுவரும் சாம்பலாகத்தான் இருந்தது.

இசக்கிராஜா பேச்சை மாற்றினான். "இரு, அப்பிடியே கையை வச்சுக்கோ. ஒரு போட்டோ எடுத்து அத்தைட்ட காட்டுவோம். இங்க பாத்துச் சிரி."

கோமு ஈரக் கண்ணோடு சிரித்தாள். அவன் போனில் எடுத்தான். எடுத்ததை இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

படத்தில் கோமு வெளுத்திருந்தாள். முகம் கிடைத்துவிட்டது அல்லவா, அந்த முகத்துக்குச் சொந்தமான கையையும் துலக்கம் தேடிப் பிடித்துக்கொண்டது. திரையில் இருந்த காலுக்கு முகம் இல்லை. அதை அது விட்டுவிட்டது. கறுத்த காலின்மேல் யாரோ ஒரு சிவத்த பிள்ளை கையை வைத்துக்கொண்டு சிரித்தது.

"அம்மா அப்பிடியே இருக்கா," என்றாள் கோமு. "நான்தான் மாறிட்டேன்."

இசக்கிராஜா போனை அணைத்துப் பைக்குள் போடப் போனான். கோமு அவன் கையைப் பிடித்தாள். அவள் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள், தவிட்டுக் கடையைத் தேடிக் கண்டுபிடித்த அதே யோசனை முகம்.

"மொகத்தப் பாத்தாத்தான மாத்தும்?"

"ஆமா."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். மேசைக்கு அடியில் நுழைந்து, சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கை மட்டும் மேலே வந்து, தடவித் தடவித் திரையைத் தேடியது. ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்து, கொலுசுக்கு மேலே சரியான இடத்தில் வைத்துவிட்டாள்.

"இப்பம் எடுங்கப்பா," என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நான் இல்லாத மாதிரி இருக்கேன்."

முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவதில் நிறம் சரியாக வந்தது. பிரிண்டு போடும் மெஷினும் அதைத் தொடவில்லை. செண்பகத்தின் வெளுத்த படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய அந்தப் படத்தை ஆவுடை இன்றைக்கும் துடைத்துப் பூ வைக்கிறாள். அதில் யாருடைய முகமும் இல்லை.